பெற்றோர் எழுத வேண்டிய மூன்றாண்டுத் திட்டம்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது ஊரெங்கும் பேச்சாக இருந்தது, தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்ட 25 சதவீத இடம்தான். அதே சட்டத்தின் 21, 22-ஆம் பிரிவுகளைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை. அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோருக்கு அந்த இரண்டு பிரிவுகளும் பெரிய உரிமை ஒன்றைத் தருகின்றன. தங்கள் பள்ளி எப்படி வளர வேண்டும் என்று தாங்களே எழுதிக் கொடுக்கலாம்.

ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும் மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. இந்தக் குழு ‘பள்ளி வளர்ச்சித் திட்டம்’ ஒன்றைத் தயாரிக்க வேண்டும், அரசு ஒதுக்கும் மானியத்துக்கு அதுவே அடிப்படை என்கிறது 22-ஆம் பிரிவு. அரசு உதவிபெறும் பள்ளிகளில் மட்டும் குழுவின் பங்கு ஆலோசனை சொல்வதோடு நின்றுவிடுகிறது.

தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் பல ஆண்டுகள் பெயரளவில் இருந்தன. 2022-ல் ‘நம் பள்ளி நம் பெருமை’ என்ற பெயரில் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் அவை புதிதாக அமைக்கப்பட்டன. அப்போது 20 பேர் கொண்ட குழுவில் 15 பேர் பெற்றோர். மீதி இடங்களில் தலைமையாசிரியர், ஓர் ஆசிரியர், இரண்டு உள்ளாட்சிப் பிரதிநிதிகள், ஒரு கல்வி ஆர்வலர். 2024-ல் மறுகட்டமைப்பு நடந்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. பலரும் இந்தக் குழுவைப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். கழகத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் தலைவராகலாம். இந்தக் குழுவின் தலைவர், அந்தப் பள்ளியில் இப்போது படிக்கும் பிள்ளையின் பெற்றோராக இருந்தாக வேண்டும்.

பள்ளிக்கு ஊர் தோள் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, பொதுக் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கிய அந்த இயக்கத்தில் மக்கள் நிலம் கொடுத்தார்கள், கட்டடம் எழுப்பினார்கள், மேசை நாற்காலி வாங்கித் தந்தார்கள். அன்று ஊரிடம் கேட்டது கொடையை. இன்றைய சட்டம் கேட்பது ஊரின் முடிவை. இது அன்றையதைவிடக் கடினமான வேலை என்றே சொல்ல வேண்டும்.

அந்த முடிவு எப்படி உருவாகிறது? சட்டத்தின் முன்மாதிரி விதிகளின்படி, திட்டம் மூன்று ஆண்டுகளுக்கானது. ஒவ்வோர் ஆண்டுக்கும் உட்திட்டம் உண்டு. வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் வருவார்கள், எத்தனை ஆசிரியர்கள் வேண்டும், என்ன கட்டடம், என்ன பொருள், எவ்வளவு பணம் என்று அதில் எழுத வேண்டும்.

பார்க்க வெறும் படிவம் போலத் தெரியும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் அதன் வலிமை புரியும். சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூன்று. இப்போது 58 பேர் படிக்கும் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வகுப்புகளுக்கும் இரண்டே ஆசிரியர்கள். ஒருவர் விடுப்பு எடுத்தால் எல்லோரும் ஒரே அறையில். அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு முடித்து 9 பேர் போகிறார்கள். அங்கன்வாடியிலிருந்து 13 பேர் வரப்போகிறார்கள். எண்ணிக்கை 62 ஆகிவிடும். அங்கன்வாடிப் பதிவேட்டைப் பார்த்து இதை முன்கூட்டியே திட்டத்தில் எழுதிவிட்டால், மூன்றாவது ஆசிரியர் வேண்டும் என்பது சட்டப்படியான கோரிக்கையாகிறது. எழுதாமல் விட்டால் பிள்ளைகள் வந்த பிறகு மனு கொடுத்து அலைய வேண்டும்.

நடைமுறையில் குறைகள் இல்லாமல் இல்லை. கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் வைக்கப்படுகிறது. நூறு நாள் வேலைக்கோ களையெடுப்புக்கோ போயிருக்கும் தாய் வர வேண்டுமானால் அன்றைய கூலியை விட வேண்டும். வந்தவர்களும் ‘எங்களுக்கு என்ன தெரியும், நீங்களே எழுதிக்குங்க சார்’ என்று சொல்லிவிட்டால், திட்டம் தலைமையாசிரியர் ஒருவரின் கையெழுத்திலேயே முடிந்துவிடும். ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு மாற்றிப் பார்க்கலாம்.

உட்கார்ந்து பேசுவதற்கு முன் எல்லோரும் பள்ளியை ஒரு சுற்றுச் சுற்றி வருவது இன்னும் நல்லது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் குழாய் எட்டுகிறதா? கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் உள்ளே இருந்து போட வருகிறதா? சாய்தளம் சக்கர நாற்காலி ஏறும் சரிவில் இருக்கிறதா? இதையெல்லாம் பார்த்துச் சொல்ல எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. பிள்ளைகளையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். எந்த மூலையில் பயமாக இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

பட்டியலைச் சுற்றுச்சுவரும் கழிப்பறையும் நிறைத்துவிடும்போது படிப்பு விடுபட்டுப் போகிறது. கொரோனா ஊரடங்குக் காலக் கற்றல் இழப்பை ஈடுகட்ட, 2022-ல் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கப்பட்டது. அப்படியிருக்க, மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் திக்காமல் ஒரு பத்தி வாசிக்கிறார்கள், அடுத்த ஆண்டு எத்தனை பேர் வாசிக்க வேண்டும் என்ற ஒரு வரி இல்லாத திட்டம் முழுமையான திட்டமல்ல. கட்டடத்தைக் கேட்பது போலவே இதையும் கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு.

எழுதிய திட்டத்தைக் கிராம சபைக்கும் கொண்டுபோக வேண்டும். பல ஊர்களில் தொடக்கப் பள்ளிக் கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தின் சொத்து. தண்ணீர் ஊராட்சியின் தொட்டியிலிருந்து வருகிறது. பள்ளித் தேவை கிராம சபைத் தீர்மானமாகப் பதிவானால் ஊராட்சியிடம் பதில் கேட்க ஆதாரம் கையில் இருக்கும்.

நிதியாண்டு முடிவதற்குள் திட்டம் உள்ளாட்சி அமைப்பிடம் போய்ச் சேர வேண்டும் என்பது முன்மாதிரி விதி. எனவே மார்ச் வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, உங்கள் பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை எல்லோர் முன்னும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அது இன்னும் எழுதப்படவில்லை என்றால், அன்றே உட்கார்ந்து எழுதத் தொடங்குங்கள்.