மேலும் கீழும் ஓடும் ஜன்னல்

இங்கிலாந்தின் பழைய வீடுகளிலும் அமெரிக்காவின் கிழக்குக் கரை நகரங்களிலும் ஜன்னல்கள் பெரும்பாலும் கீல் வைத்துத் திறப்பவை அல்ல. மேலும் கீழும் ஓடுபவை. ஒரே நிலைக்குள் இரண்டு கண்ணாடிச் சட்டங்கள் தனித்தனித் தடத்தில் நிற்கும். மேல் சட்டம் வெளித் தடத்திலும் கீழ்ச் சட்டம் உள் தடத்திலும் ஓடும். மேல் சட்டத்தைக் கொஞ்சம் இறக்கி, கீழ்ச் சட்டத்தைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால், அறையின் சூடான காற்று மேலே வெளியேறும், குளிர்ந்த காற்று கீழே நுழையும். மின்விசிறி இல்லாத காலத்தில் இது பெரிய வசதி. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் பரவிய இந்த ஜன்னலைப் பிரெஞ்சுக்காரர்கள் 'கில்லட்டின் ஜன்னல்' என்கிறார்கள்.

கண்ணாடியும் மரமும் சேர்ந்த கனமான சட்டம், விட்ட இடத்தில் அப்படியே நிற்கிறது. அதை நிறுத்துவது நிலையின் இரு பக்கமும் உள்ள மரப்பெட்டிக்குள் தொங்கும் வார்ப்பிரும்பு எடைகள். சட்டத்தின் பக்கவாட்டில் ஆணியடித்த கயிறு, நிலையின் உச்சியிலுள்ள சிறு கப்பியின் மேல் ஏறிப் பெட்டிக்குள் இறங்கும்; அதன் நுனியில் எடை. சட்டம் ஏறினால் எடை இறங்கும், சட்டம் இறங்கினால் எடை ஏறும். கிணற்றுக் கப்பியில் ஒரு வாளி ஏற மறு வாளி இறங்குவது போலத்தான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 12 கிலோ சட்டத்துக்குப் பக்கத்துக்கு 6 கிலோ என்பது கணக்கு. ஆனால் கீழ்ச் சட்டத்துக்கான எடைகளைச் சற்றுக் குறைத்தும், மேல் சட்டத்துக்கானவற்றைச் சற்றுக் கூட்டியும் வைப்பார்கள். அப்போதுதான் மூடிய நிலையில் கீழ்ச் சட்டம் அடியில் அழுந்தி உட்காரும், மேல் சட்டம் தொய்யாமல் உச்சியில் ஒட்டி நிற்கும்.

1774இல் வந்த லண்டன் கட்டடச் சட்டம், தீ பரவுவதைத் தடுக்க இந்த மரப்பெட்டியைச் செங்கல்லுக்குப் பின்னால் மறைக்கச் சொன்னது. அக்காலத்து லண்டன் வீடுகளில் தெருவிலிருந்து பார்ப்பவருக்கு மெல்லிய மரவிளிம்பு மட்டுமே தெரிவது அதனால்தான்.

இப்படிப்பட்ட ஜன்னல் அசையாமல் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பெயின்ட்டை. தலைமுறை தலைமுறையாக ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசிய பெயின்ட், சட்டத்தையும் அதைத் தடத்தில் நிறுத்தும் பீடிங்கையும் ஒன்றாக ஒட்டிவிடுகிறது. தாழ்ப்பாள் திறந்திருக்கிறதா, திருட்டுக்குப் பயந்து முன்பு யாராவது ஆணி அடித்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, பட்டி பார்க்கும் மெல்லிய பிளேடைச் சட்டத்துக்கும் பீடிங்குக்கும் நடுவே செலுத்திச் சுற்றிலும் அறுக்க வேண்டும். வெளிப்பக்கமும் அறுக்காவிட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். பிறகு ஒரு மரத்துண்டை மூலைகளில் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் ஒட்டு விடும். அடிச்சட்டத்தின் நடுவில் நெம்புவது பெரிய தவறு. மூலை இணைப்புகள் பிளந்துவிடும், கண்ணாடியும் விரிசல் விடும்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் அது தடை செய்யப்பட்டதே 1978இல்தான். அதனால் உப்புத்தாள் போட்டு உலரத் தேய்க்கக் கூடாது. தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்ட வேண்டும். அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும் என்பதால் இதில் அலட்சியத்துக்கு இடமே இல்லை. மழைக்காலத்தில் மட்டும் இறுகும் சட்டம் ஈரத்தில் ஊதியது. அது நன்றாகக் காய்ந்த பிறகும் உரசினால்தான் இழைப்புளியைத் தொட வேண்டும். பல நேரம் தடத்தில் மெழுகுவத்தியைத் தேய்ப்பதே போதும்.

அடுத்தது அறுந்த கயிறு. ஒரு பக்கக் கயிறு அறுந்தால் சட்டம் கோணிக்கொண்டு சிக்கும். இரண்டும் அறுந்தால் ஏற்றிய சட்டம் விரல்மேல் விழும். கீழ்ச் சட்டத்தைப் பழுதுபார்க்க உள்பக்க பீடிங்கை மட்டும் கழற்றினால் போதும். மேல் சட்டத்துக்கு, தடங்களைப் பிரிக்கும் நடுப்பட்டையையும் கழற்ற வேண்டும். நிலையின் பக்கப் பலகையில், கீழ்ப்பகுதியில், ஒரு சின்ன மூடி இருக்கும். பெயின்ட் மூடியிருந்தால் தட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதைத் திறந்து எடையை வெளியே எடுக்கலாம். புதுக் கயிற்றைக் கப்பி வழியாக உள்ளே இறக்க, நூல் நுனியில் சிறு ஈயத்துண்டைக் கட்டி விடுவார்கள். இங்கிலாந்துத் தச்சர்கள் அந்தத் துண்டுக்கு வைத்த பெயர் 'எலி'. எலி கீழே வந்ததும், நூலின் மறுமுனையில் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொள்ளலாம். இழுத்தால் நீளாத பின்னல் பருத்திக் கயிறே இதற்கு ஏற்றது.

கயிற்றின் நீளத்தில்தான் கைத்திறன் தெரியும். நீளம் கூடினால், கீழ்ச் சட்டத்தை முழுதாக ஏற்றுவதற்குள் எடை பெட்டியின் தரையில் உட்கார்ந்துவிடும். அதற்குமேல் சட்டத்தைத் தாங்க எதுவும் இல்லை. நீளம் குறைந்தால், சட்டம் மூடுவதற்குள் எடை கப்பியில் இடித்து நிற்கும்.

பின்னாளில் வந்த ஜன்னல்களில் எடைப்பெட்டி இல்லை, ஸ்பிரிங்தான் வேலை செய்கிறது. இழுக்க இழுக்க ஸ்பிரிங்கின் விசை கூடும். சட்டத்தின் எடையோ மாறாது. இந்தப் பொருத்தமின்மையைச் சரிக்கட்ட ஒரு வகையில் குழாய்க்குள் ஸ்பிரிங்கையும் முறுக்கிய கம்பியையும் வைத்து, முறுக்கின் நெருக்கத்தை இடத்துக்கு இடம் மாற்றினார்கள். இன்னொரு வகையில், அளவு டேப் போலச் சுருண்ட எஃகுப் பட்டை எவ்வளவு விரிந்தாலும் ஏறக்குறைய ஒரே விசையைத் தருகிறது. முறுக்கிய கம்பி உள்ள வகையைக் கழற்றும்போது முறுக்கை இறுகப் பிடித்து மெல்ல விடுவிக்க வேண்டும். கைநழுவினால் கம்பி சுழன்று விரலைக் கிழித்துவிடும்.

புது ஸ்பிரிங் வாங்க, பழையதில் பொறித்த எண்ணைக் கொண்டுபோக வேண்டும். எண் அழிந்திருந்தால் சட்டத்தை எடைபோட்டு, குழாயின் நீளத்தை அளந்துகொண்டால் போதும். இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறு பக்கம் தளர்ந்தது என்றால் சட்டம் கோணி, ஜன்னல் மறுபடியும் சிக்கிக்கொள்ளும்.