எழுத்தைக் காத்த மலை

தென்கொரியாவின் தென்கிழக்குப் பகுதியில் அமைந்துள்ளது ஹப்சோன் வட்டம். மலைகளும் ஓடைகளும் நெல்வயல்களும் நிறைந்த இந்நாட்டுப்புறத்தில் ஏறத்தாழ 1,430 மீட்டர் உயரமுடைய கயா மலை எழுந்து நிற்கிறது. புத்தர் ஞானம் பெற்ற கயையின் பெயரே இம்மலைக்கு வழங்கலாயிற்று என்பர் சிலர். முற்காலத்தில் இப்பகுதியை ஆண்ட கயா அரசின் பெயர் அது என்பர் வேறு சிலர். அம்மலையின் சரிவில் கி.பி. 802இல் நிறுவப்பட்டது ஹேயின்சா என்னும் பௌத்த மடாலயம். 'சா' என்பது கோயிலைக் குறிக்கும். 'ஹேயின்' என்பதற்குக் கடல் முத்திரை என்று பொருள். அலையடங்கிய கடலில் உலகம் முழுவதும் தெளிவாகத் தெரிவதுபோல, அமைதியுற்ற மனத்தில் உண்மை பதியும் என்பது அப்பெயரின் உட்கருத்து.

மடாலயத்தை நோக்கிச் செல்லும் வழி ஓடையை ஒட்டியே ஏறிச் செல்கிறது. இலையுதிர் காலத்தில் மேப்பிள் மரங்களின் செந்நிறம் நீரில் படிவதால் அப்பள்ளத்தாக்கிற்குச் 'செந்நீர் ஓடும் இடம்' என்னும் பொருளில் ஹோங்ன்யுதோங் என்று பெயர். பன்னிரண்டு வயதில் சீனத்திற்குச் சென்று கற்று, அங்கேயே அரசுத் தேர்வில் வென்ற அறிஞர் சோய் சிவோன், தாய்நாட்டு அரசியலில் மனம் கசந்து இறுதியில் ஒதுங்கி வாழ்ந்தது இம்மலையில்தான். அவர் நினைவைத் தாங்கிய சிறு மண்டபம் ஒன்று ஓடைக்கரையில் இன்றும் உள்ளது.

கொரியப் பௌத்தர்கள் புத்தம், தருமம், சங்கம் ஆகிய மும்மணிகளுக்கும் ஒவ்வொரு கோயிலைச் சிறப்பாகக் கருதுவர். தருமத்திற்கு உரியது ஹேயின்சா. அதற்குக் காரணமானவை, தலைமைக் கோயிலுக்கும் பின்னே, மலையின் மேற்படியில், வண்ணப்பூச்சு ஏதுமின்றி நிற்கும் மரக்கூடங்கள். கலையழகை நாடி வருவோர் முதலில் ஏமாற்றம் அடையவும் கூடும். ஆனால் திரிபிடகம் முழுவதையும் தாங்கிய 81,258 மர அச்சுப்பலகைகள் அக்கூடங்களில்தான் உள்ளன.

கித்தானியர் படையெடுத்த 11ஆம் நூற்றாண்டில் கொர்யோ அரசு முதன்முறையாகத் திரிபிடகத்தைப் பலகைகளில் செதுக்கியது. 1232இல் மங்கோலியர் அவற்றை எரித்தனர். அரசவை காங்வா தீவில் அடைக்கலம் புகுந்திருந்த அந்த நெருக்கடியிலும் மீண்டும் செதுக்கத் தொடங்கி, 1251இல் பணியை நிறைவேற்றினர். புத்தரின் அருளால் பகை விலகும் என்பது அவர்களின் நம்பிக்கை. ஆயினும் நம்பிக்கையோடு அவர்கள் நின்றுவிடவில்லை. சூகி என்னும் துறவியின் தலைமையில் சீனப் பதிப்பு, கித்தானியர் பதிப்பு, தம் பழைய பதிப்பு ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் களைந்தனர். 20ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் வெளிவந்த பெரும் பௌத்த நூல்தொகுதிக்கு இதுவே அடிப்படையாயிற்று என்பது அப்பதிப்புப் பணியின் தரத்தைக் காட்டும்.

ஒரு பலகையின் அகலம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். உயரம் 24 சென்டிமீட்டர். எடை 3 முதல் 4 கிலோ. பக்கத்திற்கு 23 வரி, வரிக்கு 14 எழுத்து என இருபுறமும் செதுக்கப்பட்டுள்ளது. பெருக்கிப் பாருங்கள், ஐந்து கோடியைத் தாண்டும். அச்சிடும்போது நேராக விழவேண்டும் என்பதால் ஒவ்வோர் எழுத்தும் இடவலமாகத் திருப்பிச் செதுக்கப்பட்டது. காட்டுச் செர்ரி, காட்டுப் பேரி மரங்களை வெட்டிக் கடல்நீரில் ஊறவைத்து, உப்புநீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தினர் என்பது மரபுச் செய்தி. பலகை வளையாதிருக்க இருமுனைகளிலும் மரச்சட்டம் பொருத்தி, மூலைகளில் உலோகத் தகடு அறைந்தனர்.

1398இல் பலகைகள் தீவிலிருந்து அகற்றப்பட்டு ஹேயின்சாவிற்கு வந்தன. இப்போதுள்ள கூடங்கள் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றின் சன்னல்களைக் கவனித்தல் வேண்டும். முன்சுவரில் கீழ்ச்சன்னல் பெரியது, மேற்சன்னல் சிறியது. பின்சுவரில் அதற்கு நேர்மாறு. இதனால் உள்ளே புகும் காற்று நேராக ஓடிவிடாமல், மேலும் கீழுமாகச் சுழன்று அடுக்குகளின் இடையே பரவி வெளியேறுகிறது. தரையில் இடப்பட்ட மரக்கரி, சுண்ணாம்பு, உப்பு, களிமண் ஆகியவை மழைக்காலத்தில் ஈரத்தை ஈர்த்துக்கொண்டு, வறட்சியில் வெளிவிடுகின்றன. மின்விசிறியோ குளிரூட்டியோ அங்கில்லை.

1970களில் அரசு புதிய முறையில் ஒரு காப்பகம் எழுப்பிச் சில பலகைகளைச் சோதனையாக அங்கு வைத்தது. அவை கெடத் தொடங்கவே திட்டம் கைவிடப்பட்டது. பலகைகள் பழைய கூடத்திற்கே திரும்பின. 1995இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்ததும் இக்கூடங்களைத்தான். பலகைகளுக்குரிய ஏற்பு 2007இல் தனியே வந்தது.

ஈரத்தை வென்ற காற்றோட்டம் தீயின்முன் பயன்படாது. மடாலயம் பலமுறை தீப்பற்றியும் இக்கூடங்கள் தப்பின. 1951இல் வந்த ஆபத்தோ வானிலிருந்து வந்தது. கொரியப் போரின்போது வடகொரியப் படையினரில் பின்வாங்க இயலாதோர் இம்மலைகளில் பதுங்கியிருந்தனர். ஹேயின்சாப் பகுதியில் குண்டுவீசுமாறு தென்கொரிய விமானப்படைக்குக் கட்டளை வந்தது. போர்விமானங்களை வழிநடத்திய கிம் யங்ஹுவான், குண்டுகளை வீசவேண்டா எனத் தம் அணியினருக்கு ஆணையிட்டார். போர்க்காலத்தில் கட்டளையை மீறுவது பெருங்குற்றம். அவர் அதை அறியாதவர் அல்லர். சில நூறு பேரை வீழ்த்துவதற்காகத் திரிபிடகத்தை எரிக்க இயலாது என்று மேலதிகாரிகளிடம் அவர் விளக்கியதாகக் கூறுவர். 1954இல் விமானப் பயணம் ஒன்றில் மறைந்த அவருக்கு, நாட்டின் உயரிய பண்பாட்டு விருது 2010இல்தான் வழங்கப்பட்டது.

நெடுங்காலம் பார்வையாளர்கள் சன்னல் சட்டங்களின் இடைவெளி வழியாகவே பலகைகளைக் கண்டுவந்தனர். 2021 முதல், முன்பதிவு செய்த சிலர் மட்டும் உள்ளே அனுமதிக்கப்படுகின்றனர்.

ஹப்சோனுக்குச் செல்வோர் ஓக்ஜோன் என்னுமிடத்தில் உள்ள கயா அரசுக் காலத்து ஈமமேடுகளையும் காணலாம். அங்கு ரோமானியக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று கிடைத்திருப்பது அக்கால வணிகத்தின் தொலைவை உணர்த்தும். நகரிலுள்ள வேறோர் இடத்திற்குச் சுற்றுலாப் பயணிகள் மிகுதியாகச் செல்வதில்லை. ஜப்பானிய ஆட்சியில் ஹப்சோனிலிருந்து பிழைப்புக்காகவும் கட்டாயத்தாலும் ஹிரோஷிமாவிற்குச் சென்றோர் பலர். 1945 ஆகஸ்டு 6இல் வீசப்பட்ட அணுகுண்டு அவர்களையும் கொன்றது. தப்பியோர் ஊர் திரும்பினர். அவர்களுக்கான நலவாழ்வு இல்லமும், 2017இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகமும் இங்கு உள்ளன. அருகிலுள்ள சிறு நினைவு மண்டபத்தில், இறந்தோரின் பெயர் எழுதிய பலகைகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன.