பெறுபேறு அறிவிக்கப்பட்டால் மட்டும் போதுமா?

தேர்தல் முடிந்த இரவுகளில் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எங்கும் மக்கள் கண்விழித்துக் காத்திருப்பது வழமை. தொகுதி முடிவுகள் வெளியான பின்னரும், விருப்பு வாக்கு விபரம் வந்துசேரும் வரை வதந்திகளே ஊரை ஆளுகின்றன. மூவின மக்களும் வாழும் திகாமடுல்ல மாவட்டத்தில் இத்தகைய வதந்திகளை அற்பமானவை என நாம் ஒதுக்கிவிட முடியாது.

இவ்வேளையில், கணினி உலகில் நடைபெறும் வேறொரு தேர்தலை நோக்குவது பயனுடையது. ஒரே கணக்குப் பேரேட்டின் பிரதியைப் பல கணினிகள் வைத்திருக்கும் ஏற்பாடே புளொக்செயின். அக்கணினிகள் கணுக்கள் எனப்படுகின்றன. 2020ஆம் ஆண்டு முதல் இயங்கும் பொல்காடொட் என்ற புளொக்செயினில், புதிய பதிவுகளைச் சரிபார்ப்போர் ஏறத்தாழ 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை தெரிவுசெய்யப்படுகின்றனர். பங்கு வைத்திருப்போர் ஒவ்வொருவரும் 16 பேர் வரை முன்மொழியலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவீடன் நாட்டுக் கணிதவியலாளர் பிராக்மேன் வகுத்த விகிதாசார முறையே இதற்கு அடிப்படை.

இங்கு முடிவை எவரும் அறிவிக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. 'தெரிவானோர் யாவர்? ஒவ்வொருவருக்கும் பின்னாலுள்ள பங்கு எவ்வளவு?' என ஒரு சிறு கணினி நிரல் மூலம் கணுவிடம் கேட்டால், அது தன் பேரேட்டைப் பார்த்து விடையளிக்கும். ஆயினும் இரு விடயங்களில் கவனம் வேண்டும். இனி மாற்றப்பட முடியாதவாறு இறுதியான பதிவை வைத்தே எல்லாக் கேள்விகளையும் கேட்க வேண்டும். இல்லையேல் ஒரு விடை பழைய நிலையையும் மற்றையது புதிய நிலையையும் காட்டக்கூடும். பிறர் நடத்தும் ஒரேயொரு கணுவை நம்பாது, சொந்தக் கணுவிடமோ தொடர்பற்ற இரு கணுக்களிடமோ கேட்டு ஒப்பிடுவதே முறை.

இத்தேர்தல் முறையை நாம் அப்படியே பின்பற்ற வேண்டும் என்பதல்ல எமது கருத்து. அங்கு பணமுள்ளவரின் சொல்லுக்கே நிறை அதிகம். வாக்கின் இரகசியமும் இல்லை. ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதும் இரகசிய வாக்களிப்பும் ஜனநாயகத்தின் உயிர்நாடிகள். நாம் கற்கவேண்டியது, முடிவை எவரும் கேட்டறிந்து மீளக் கணக்கிட்டுப் பார்க்கும் வசதியை மட்டுமே.

எமது விகிதாசார முறையும் மீளக் கணக்கிடக்கூடியதே. 2024 நவம்பர் 14ஆம் திகதி நடைபெற்ற பொதுத் தேர்தலில் திகாமடுல்லவுக்கு 7 ஆசனங்கள். முதலிடம் பெறும் கட்சிக்கு போனஸ் ஆசனம் 1. செல்லுபடியான வாக்குகளில் 5 சதவீதத்துக்குக் குறைவாகப் பெற்றவை நீக்கப்பட, எஞ்சிய வாக்குகள் 6ஆல் வகுக்கப்படுகின்றன. சாதாரண தர மாணவன் ஒருவனாலும் இக்கணக்கைச் செய்ய இயலும்.

ஆகவே, வாக்கெண்ணும் நிலையத்தில் உறுதிப்படுத்தப்படும் ஒவ்வோர் எண்ணும், விருப்பு வாக்கு உட்பட, கணினி நிரலொன்று நேரடியாக வாசிக்கத்தக்க வடிவில் உடனுக்குடன் மக்களுக்குக் கிடைக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டத்தின் உணர்வும் இதுவே. வாக்கு மக்களின் அமானிதம். அதன் கணக்கைக் கேட்பது சந்தேகத்தின் வெளிப்பாடு அல்ல. உரிமையின் வெளிப்பாடே ஆகும்.