நாற்பத்தேழாம் இடத்தில் ஒரு மழை

வீட்டு முன்னறையின் மூலையில் மூன்றாண்டுகளாகத் துணியுறை போர்த்திக் கிடந்தது ஒரு சிந்தசைசர். மூத்த மகன் கல்லூரியில் படித்த நாளில், ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்றதை வாங்கி வந்தான். வேலை கிடைத்து அவன் வெளியூர் சென்ற பின் அதைத் தொடுவார் இல்லை. பணி ஓய்வு பெற்ற நாம், கையைச் சும்மா வைத்திருக்க மனமின்றி, ஒரு நாள் உறையை நீக்கி அதன்முன் அமர்ந்தோம்.

இசை கற்கப் போய் இயந்திரம் கற்ற கதை இது. இத்தகைய கருவி இன்று பல இல்லங்களில் இருப்பதால், நாம் பட்ட பாட்டைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

ஆர்மோனியத்தின் ஒலி அதன் பித்தளை நாக்குகளில் இருக்கிறது. பெட்டி பழுதடைந்தாலும் நாக்கு இருக்கும்வரை ஒலியும் இருக்கும். சிந்தசைசரின் ஒலியோ எண்களில் இருக்கிறது. எந்த அலை, எவ்வளவு உரப்பு, வடிகட்டி எவ்வளவு திறந்திருக்க வேண்டும், விசையை விட்டபின் ஒலி எத்தனை விரைவில் அடங்க வேண்டும் என்பன போன்ற அளவுகளை ஒரு தொகுப்பாகச் சேர்த்து, அதற்கொரு பெயரும் இட எண்ணும் கொடுத்து நினைவகத்தில் வைக்கிறார்கள். மேலே உள்ள திருகுகளைப் பார்த்து அந்த அளவுகளை அறிந்துகொள்ள முடியாது. திருகு ஓரிடத்தில் நிற்கும். சேமித்த எண் வேறாக இருக்கும். இந்த எண்களைப் படித்து ஒலியாக்குவதற்குக் கருவிக்குள்ளேயே நிலையாக ஓர் ஆணைத்தொகுப்பு குடியிருக்கிறது. அதற்கு ஃபர்ம்வேர் என்று பெயர்.

நம் வீட்டுக் கருவியில் ஏனைய இடங்களிலெல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்த ஒலிகளே இருந்தன. 47-ஆம் இடத்தில் மட்டும் மகன் தானே உருவாக்கிய ஒன்று இருந்தது. அதற்கு ‘மழை’ என்று பெயரிட்டிருந்தான். அதை அவன் முதன்முதலாக வாசித்த மாலையில், அடுக்களையில் இருந்த அவன் தாய் கொடியில் காயும் துணிகளை எடுக்க மொட்டைமாடிக்கு ஓடியது இன்றும் வீட்டில் சொல்லிச் சிரிக்கும் செய்தி.

கருவியில் ஒரு குறை இருந்தது. விசையிலிருந்து விரலை எடுத்த பின்னும் சில வேளைகளில் சுரம் அடங்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். மின்சாரத்தை நிறுத்தினால்தான் வாயை மூடும். புதிய ஃபர்ம்வேரில் இக்குறை நீக்கப்பட்டிருப்பதாகத் தயாரிப்பாளரின் அறிவிப்பில் கண்டோம். கூடவே ஓர் எச்சரிக்கையும் இருந்தது: புதுப்பிக்கும்போது பயனர் சேமித்த ஒலிகள் அழியக்கூடும், முன்னதாகக் கணிப்பொறியில் பிரதி எடுத்துக்கொள்க.

பிரதி எடுக்க அந்நிறுவனமே ஒரு தொகுப்பி மென்பொருளைத் தருகிறது. கணிப்பொறித் திரையில் கருவியின் எல்லா அளவுகளையும் விரித்துக் காட்டி, மாற்றவும் சேமிக்கவும் உதவுவது அது. அதை நிறுவி, கம்பியால் இரண்டையும் இணைத்தோம். ‘கருவி காணப்படவில்லை’ என்றது. அரைநாள் போராடிய பின் கண்டது, நாம் பயன்படுத்தியது கைப்பேசிக்கு மின்னேற்ற மட்டுமே உதவும் கம்பி என்பது. அதனுள் செய்தி செல்லும் இழைகளே இல்லை! நல்ல கம்பியை மாட்டியதும் மென்பொருள் கருவியை அடையாளம் கண்டது, கண்டவுடன், ‘ஃபர்ம்வேர் பழையது, முதலில் புதுப்பிக்கவும்’ என்று கதவைச் சாத்தியது.

பிரதி எடுக்காமல் புதுப்பிக்கலாகாது. புதுப்பிக்காமல் பிரதி எடுக்கவும் முடியாது. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தீரும், பைத்தியம் தீர்ந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதையாயிற்று. மகனைத் தொலைபேசியில் அழைத்தோம். “வேறெங்கும் நான் சேமிக்கவில்லை அப்பா. எப்படிச் செய்தேன் என்பதும் மறந்துவிட்டது. போனால் போகட்டும், நீங்கள் புதுப்பித்துக்கொள்ளுங்கள்” என்றான். அருகிலிருந்த அவன் தாய், “அதெப்படிப் போகலாம்?” என்றாள். அதற்குமேல் அவ்வீட்டில் மேல்முறையீடு இல்லை.

வழி ஒன்று இருந்தது. அது 1983-ஆம் ஆண்டிலேயே திறந்து வைக்கப்பட்ட வழி. அதற்கு முன், ஒரு நிறுவனத்தின் மின்னணு இசைக்கருவி மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு பேச இயலாத நிலை இருந்தது. அமெரிக்கரான டேவ் ஸ்மித், ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய ஜப்பானியர் இக்குதாரோ ககேஹாஷி ஆகியோரின் முயற்சியால் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ‘மிடி’ என்னும் மொழி உருவாயிற்று. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில், ஸ்மித்தின் புராஃபெட்-600 கருவியும் ரோலண்டின் ஜூபிடர்-6 கருவியும் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டு ஒன்றையொன்று இசைத்தன. போட்டியிடும் வணிகர்கள் கூடி, உரிமைத்தொகை ஏதும் கேளாமல் உலகுக்கு அளித்த மொழி என்பது நமக்குப் பெரிதாகப் படுகிறது. 2013-இல் இவ்விருவருக்கும் இதற்காகத் தொழில்நுட்பத்திற்கான கிராமி விருது வழங்கப்பட்டது.

அம்மொழியில் ‘சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ்’ என்றொரு செய்திவகை உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் தன் கருவிக்கே உரிய செய்தியை அனுப்பிக்கொள்ள விடப்பட்ட தனிவழி அது. 240 என்ற எண்ணில் தொடங்கி, நிறுவனத்தின் அடையாள எண்ணைச் சொல்லி, 247-இல் முடியும். உள்ளே வருவன எல்லாம் 0 முதல் 127 வரையான எண்கள். யமஹா நிறுவனம் 1983-இல் வெளியிட்ட டிஎக்ஸ்-7 கருவியை எடுத்துக்கொள்வோம். அதன் நினைவகத்தில் 32 ஒலிகள். ஒவ்வொன்றுக்கும் 128 பைட்டுகள். முன்னுரையும் முடிவுரையும் சேர்த்து முழுத் தொகுப்பும் 4104 பைட்டுகள். மிடிக் கம்பியில் செல்ல ஒன்றரை நொடிகூட ஆகாது. கடைசிக்கு முந்தைய எண் ஒரு கணக்குச் சரிபார்ப்பு. வழியில் ஓர் எண் மாறினாலும் கூட்டல் பொருந்தாமல் போய்க் குட்டு வெளிப்பட்டுவிடும். அக்கருவியில் இரண்டு வரித் திரையும் ஒரே ஒரு நகர்த்தியும் கொண்டு எல்லா அளவுகளையும் மாற்ற வேண்டியிருந்ததால், அலுத்துப்போனவர்கள் கணிப்பொறித் தொகுப்பிகளை நாடினர். இன்றைய தொகுப்பிகள் அவற்றின் வழிவந்தவையே.

நம் கருவியின் பட்டியலை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியபோது, கடைசியில் ‘ஒலியை வெளியே அனுப்பு’ என்னும் ஓர் ஆணை இருக்கக் கண்டோம். நிறுவனத்தின் தொகுப்பி இல்லாமலே, வருகிற செய்தியை அப்படியே வாங்கி வைக்கும் பொதுவான இலவச மென்பொருள்கள் உண்டு. விண்டோஸ் கணிப்பொறிக்கு மிடி-ஆக்ஸ், ஆப்பிள் கணிப்பொறிக்கு சிஸ்எக்ஸ் லைப்ரேரியன். முன்னதை நிறுவினோம். அதுவும் முதலில் மறுத்தது. தொகுப்பி மென்பொருள் பின்னால் திறந்தே இருந்து வாயிலை அடைத்துக்கொண்டிருந்தது. அதை மூடிய பின், கருவியில் ஆணையை அழுத்தினோம். திரையில் எண்கள் வந்து இறங்கின. ஐந்நூறுக்கும் குறைவான பைட்டுகள். அவ்வளவுதானா ஒரு மழை என்று வியந்தோம்.

வாங்கிய பிரதியை நம்பலாமா? அதைச் சோதிக்க மழையையே பணயம் வைக்க விருப்பமில்லை. தேவையற்ற ஒரு தொழிற்சாலை ஒலியை அதே முறையில் வெளியே எடுத்து, கருவியில் அதன் அளவுகளை வேண்டுமென்றே குலைத்துச் சேமித்து, பின் பிரதியைத் திருப்பி அனுப்பினோம். பழைய ஒலி மீண்டது. மழையை இருமுறை எடுத்து, இரண்டு கோப்புகளும் ஓர் எண்ணும் பிசகாமல் ஒத்திருப்பதைக் கண்டோம். போதாதென்று, வாசித்து ஒலிப்பதிவும் செய்துகொண்டோம். இது மிகை என்று மகன் நகைத்தான், இருக்கட்டும்.

புதுப்பிப்பது பற்றி ஒரு சொல். 1980-களில் ஃபர்ம்வேர் சில்லுக்குள் எழுதப்பட்டிருந்தது. மாற்ற வேண்டுமானால் பெட்டியைத் திறந்து சில்லையே மாற்ற வேண்டும். தோஷிபா நிறுவனத்தின் ஃபூஜியோ மாசுவோக்கா 1984-இல் அறிவித்த ஃபிளாஷ் நினைவகம் வந்த பின்னரே, சில்லைக் கழற்றாமல் அழித்து எழுதுவது எளிதாயிற்று. முதலில் பழையது அழிகிறது, பின்னர்ப் புதியது எழுதப்படுகிறது. இடையில் மின்சாரம் நின்றால் கருவி பாதி எழுதிய ஏடாகிவிடும். பல கருவிகளில் ஒரு சிறு தொடக்க நிரல் தனியே ஒதுக்கப்பட்டிருப்பதால் மீண்டும் முயல இடமுண்டு. எல்லாவற்றிலும் அப்படி என்று எண்ணிவிடக் கூடாது.

ஆகவே மின்தடை வாராத வேளையாக ஒரு ஞாயிறு பிற்பகலைத் தேர்ந்தோம். கணிப்பொறியின் பேட்டரியை நிறைத்து, கருவியை இன்வெர்ட்டர் இணைப்பில் மாட்டி, இடையில் பிரிப்பான் எதுவுமின்றிக் கம்பியை நேரே கணிப்பொறியில் செருகினோம். வீட்டில் எவரும் அவ்வறைப்பக்கம் வரலாகாது என்று உத்தரவு. பணி முடிய நான்கு நிமிடங்கள் ஆயின. அவற்றுள் ஒன்றரை நிமிடம் பட்டை நகராமல் நின்றது. கையைக் கட்டிக்கொண்டு இருந்தோம்.

கருவி விழித்தபோது புதிய பதிப்பு எண் தெரிந்தது. 47-ஆம் இடத்திற்குச் சென்றோம். அங்கே வேறொரு பெயர், வேறொரு ஒலி. எச்சரிக்கை பொய்யன்று. கோப்பைத் திருப்பி அனுப்பினோம். ‘மழை’ என்ற பெயர் திரையில் வந்தது. விசையை அழுத்தியதும் மழையும் வந்தது. விரலை எடுத்தோம், மெல்லத் தணிந்து நின்றது. முன்போல் நிற்காமல் ஒலிக்கவில்லை.

இப்போது தொகுப்பி மென்பொருளும் மறுப்பின்றித் திறந்தது. மகன் மறந்துபோன செய்முறை முழுதும் திரையில் விரிந்து கிடந்தது. அடியில் வெறும் இரைச்சல்; அதன்மேல் பாதிக்குச் சற்று மேலே திறந்த வடிகட்டி; அதை மிக மெதுவாக ஏற்றி இறக்கும் ஓர் அலைவு. ஓட்டின் விளிம்பிலிருந்து சொட்டுவது போன்ற அந்த ஒலி, ஒழுங்கில்லாமல் தாவும் மற்றோர் எண்ணின் வேலை. இரவு தொலைபேசியில் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினோம். “அப்படியா செய்திருந்தேன்!” என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

பிறகு வடிகட்டியைச் சற்று மூடி, சொட்டுகளைக் குறைத்து, வேறொன்றைச் செய்து பார்த்தோம். 48-ஆம் இடத்தில் இப்போது ‘தூறல்’ இருக்கிறது. அதன் பிரதியை அன்றிரவே எடுத்து வைத்துவிட்டோம்.