மண்ணும் மன்றமும்

கோவை மாவட்டத்தில், பவானி ஆற்றங்கரையை ஒட்டிய சிற்றூர் தேக்கம்பட்டி. அவ்வூர் உழவரான பாப்பம்மாள், இளமையிலேயே பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். மளிகைக் கடையும் உணவகமும் நடத்திச் சேர்த்த பொருளால் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கினார். வாழை, பயறு, சிறுதானியம், காய்கறி ஆகியவற்றைப் பயிரிட்டார்.

1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டம், ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம் என்னும் உள்ளாட்சி அமைப்புகளுக்கு வழிவகுத்தது. அடுத்த ஆண்டே பாப்பம்மாள் தேக்கம்பட்டி ஊராட்சியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். காரமடை ஊராட்சி ஒன்றிய உறுப்பினராகவும் பணியாற்றினார். உள்ளாட்சியில் மகளிர்க்கு மூன்றில் ஒரு பங்கு இடங்களை உறுதிசெய்த 73ஆவது அரசமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993இல்தான். அதற்கு முப்பதாண்டுகளுக்கு முன்பே, ஊர் நிருவாகத்தில் ஓர் உழவர்குலப் பெண் இடம்பெற்றமை எண்ணத்தக்கது.

பதவி அவரை வயலிலிருந்து பிரிக்கவில்லை. பின்னாளில் நிலத்தின் பெரும்பகுதியை விற்ற போதும், இரண்டரை ஏக்கரைத் தம்மிடமே வைத்துக்கொண்டு இயற்கை வேளாண்மை செய்துவந்தார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடும் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தார்.

நூறு வயதைக் கடந்தும் வயலில் உழைத்த அவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2024இல் அவர் மறைந்தார். ஊரார் அளித்த பதவிகளுக்குக் கால வரம்பு உண்டு. உழவுக்கு அவர் வரம்பு வகுத்துக்கொள்ளவில்லை.