பழைய கணிப்பொறி எவ்வளவு பழையது?

சைக்கிளில் டியூப் கிழிந்தால் டியூபை மாற்றுகிறோம். சைக்கிளைத் தூக்கி எறிவதில்லை. தையல் இயந்திரத்தில் பெல்ட் அறுந்தால் வேறு பெல்ட் போடுகிறோம். ஆனால் கணிப்பொறி மெதுவாக ஓடத் தொடங்கினால் மட்டும், "பழையதாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். இது சரிதானா?

மூன்று பேருடன் தொடங்கிய ஒரு சிறு நிறுவனம் இருபது பேராக வளர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கணிப்பொறி தேவை. ஆறேழு ஆண்டுகளுக்கு முன் வாங்கியவையோ துணி போர்த்தப்பட்டு ஒரு மூலையில் கிடக்கின்றன. அவற்றுள் எவற்றை மீட்கலாம்? எவற்றை விட்டுவிட வேண்டும்? விடை காண, கணிப்பொறியில் மூப்படைவது எது என்று முதலில் பார்க்க வேண்டும்.

மூப்படையும் உறுப்புகள்

கணக்கிடும் வேலையைச் செய்யும் செயலி ஒரு சிலிக்கான் சில்லு. அதில் நகரும் பாகம் எதுவும் இல்லை. சூடேறாமல் காத்துவந்தால், பத்தாண்டுகள் கழித்தும் அது பெரும்பாலும் முதல் நாள் வேகத்திலேயே கணக்கிடும்.

மூப்படைபவை வேறு. காற்றாடியில் தூசி அடைகிறது. செயலிக்கும் அதன் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் உலோகப் பாளத்துக்கும் இடையே பூசப்பட்ட பசை காய்ந்துபோகிறது. வெப்பம் வெளியேற வழியில்லாதபோது செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. தூசியைத் துடைத்துப் புதுப் பசை பூசினால் பழைய வேகம் திரும்பிவிடும்.

மடிக்கணிப்பொறியின் லித்தியம் மின்கலம் சில நூறு முறை முழுதாக ஏற்றி இறக்கியபின் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. மின்வழங்கியில் உள்ள சில மின்தேக்கிகளுக்குள் இருக்கும் திரவம் மெல்ல வற்றுகிறது. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். இவை அனைத்தும் மாற்றக்கூடிய உறுப்புகளே.

வேகம் எங்கே போயிற்று?

பழைய கணிப்பொறிகள் பலவற்றின் மந்தத்துக்குப் பெரும் காரணம் 'ஹார்டு டிஸ்க்' எனப்படும் வன்தட்டு. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சாதாரண வன்தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. அதாவது ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. தேவையான தகவல் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, சுமார் 4 மில்லி விநாடி ஆகும். முனை சரியான தடத்துக்கு நகர இன்னும் சுமார் 9 மில்லி விநாடி. மொத்தம் 13. ஆகவே, சிதறிக் கிடக்கும் 10,000 சிறு துண்டுகளைப் படிக்க 130 விநாடிகள், அதாவது இரண்டு நிமிடத்துக்கும் மேல் தேவை.

'எஸ்.எஸ்.டி.' எனப்படும் சில்லுத் தட்டில் எதுவும் சுழல்வதில்லை. ஒரு துண்டைப் படிக்கச் சுமார் 0.1 மில்லி விநாடி போதும். அதே 10,000 துண்டுகளை ஒரு விநாடியில் படித்துவிடலாம். ஆகவேதான் இந்த ஓர் உறுப்பை மாற்றியதும் பழைய கணிப்பொறி உயிர்பெற்று எழுகிறது. நினைவகம் போதாதபோது கணிப்பொறி தட்டையே தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்துகிறது. எனவே நினைவகத்தையும் சற்றுக் கூட்டினால் பலன் இன்னும் அதிகம்.

மீட்பதால் மிச்சமாவது பணம் மட்டுமல்ல. 2004-இல் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வின்படி, அன்றைய 17 அங்குலக் குழாய்த் திரையுடன் கூடிய மேசைக் கணிப்பொறி ஒன்றைச் செய்ய 240 கிலோ எரிபொருள், 22 கிலோ வேதிப்பொருள், 1,500 கிலோ நீர் செலவாயின. எரிபொருள் மட்டுமே கணிப்பொறியின் எடையைப்போலப் பத்து மடங்கு! எடை குறைந்த இன்றைய மடிக்கணிப்பொறிகளிலும், வாழ்நாள் முழுவதற்குமான கரியமில வாயுவின் பெரும் பங்கு அவை நம் கைக்கு வருமுன்பே வெளியேறிவிடுகிறது. மறுபுறம், 2022-இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது கால் பங்கு கூட இல்லை.

அழித்தால் அழியுமா?

பழைய இயந்திரத்தை வேறொருவருக்குக் கொடுக்குமுன் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நூலகத்தில் அட்டவணைச் சீட்டைக் கிழித்துவிட்டால் புத்தகம் மறைந்துவிடுமா? அது அலமாரியில் அப்படியேதான் இருக்கும். வன்தட்டில் ஒரு கோப்பை 'டிலீட்' செய்வதும் இத்தகையதே.

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்ற இருவர் 158 பழைய வன்தட்டுகளை விலைக்கு வாங்கிச் சோதித்து, முடிவுகளை 2003-இல் வெளியிட்டார்கள். இயங்கிய 129 தட்டுகளுள் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே! மற்றவற்றிலிருந்து 5,000-க்கும் மேற்பட்ட கடன் அட்டை எண்கள் கிடைத்தன. அந்த இடத்தில் உங்கள் நிறுவன வாடிக்கையாளர்களின் விவரங்களை வைத்துப் பாருங்கள்.

வன்தட்டு முழுவதன்மீதும் வேறு எண்களை ஒருமுறை எழுதிவிட்டால் பழைய தகவல் போய்விடும். சில்லுத் தட்டுக்கு இம்முறை போதாது. ஒரே அறை தேய்ந்துவிடாதிருக்க அதன் கட்டுப்பாட்டுச் சில்லு ஒவ்வொரு முறையும் வேறு அறையில் எழுதுகிறது. பழையது எங்கோ ஓர் அறையில் தங்கிவிடலாம். எனவே தட்டுக்குள்ளேயே அமைந்துள்ள முழு அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும்.

எங்கே நிறுத்துவது?

எல்லாவற்றையும் மீட்டுவிட முடியாது. உப்பிய மின்கலம் தீப்பிடிக்கும் அபாயம் உடையது. அதை உடனே அகற்றியாக வேண்டும். பழைய இயந்திரம் கூடுதல் மின்சாரம் இழுக்கிறதா என்றும் அளந்து பார்க்க வேண்டும். 50 வாட் அதிகம் இழுத்தால், நாளைக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்ற கணக்கில் 120 யூனிட் வீணாகும்.

சில சமயம் உறுப்புகள் நன்றாக இருந்தும் மென்பொருள் கைவிட்டுவிடுகிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்குத் தேவையான பாதுகாப்புச் சில்லோ புதிய செயலியோ பல பழைய இயந்திரங்களில் இல்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத இயந்திரத்தை இணையத்தில் இணைப்பது பூட்டில்லாத கடையைப் போன்றது. இத்தகையவற்றில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் அமைப்பை ஏற்றிப் பயன்படுத்தலாம்.

ஆக, வளரும் நிறுவனம் செய்ய வேண்டியது என்ன? படம் வரைதல் போன்ற கனமான வேலைக்குப் புதிய இயந்திரம். கடிதம், பட்டியல், கணக்கு எழுதுவதற்குப் புதுப்பித்த இயந்திரம் எனப் பிரித்துக்கொள்ளலாம். ஒரே வகை இயந்திரங்களாக வைத்திருந்தால், மீட்க முடியாத ஒன்றின் உறுப்புகள் மற்றவற்றுக்கு உதவும். எதற்கும் உதவாதவற்றைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர்க்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இந்திய மின்னணுக் கழிவு விதிகளின்படி மறுசுழற்சியாளர்களைப் போலவே புதுப்பிப்பவர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

மூலையில் கிடக்கும் கணிப்பொறியின் வயதைக் கேட்பதைவிட, அதில் பழுதான உறுப்பு எது என்று கேட்பதே பயன் தரும். பெரும்பாலும் அந்த உறுப்பு உள்ளங்கையில் அடங்கும் அளவுக்குச் சிறியதாகவே இருக்கும்.