மர ரம்பத்தில் அலுமினியத் தகடு வெட்டலாமா?

அரிசி, பருப்பு வைக்கும் மரப்பெட்டிகளை எலி குடைவது நம் மயிலாப்பூர் மளிகை வணிகர்கள் அனைவரும் அறிந்ததே. அதற்குப் பரிகாரமாகப் பெட்டியின் அடிப்புறத்திலும் விளிம்புகளிலும் அலுமினியத் தகடு அடிக்கிறோம். துருப்பிடிக்காது, எடையும் இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். (உப்பு, புளி வைக்கும் பெட்டிக்கு மட்டும் வேண்டாம், அரித்துவிடும்.) சென்னைக்கு இந்த உலோகம் புதிதன்று. 1898-லேயே இங்குள்ள கலைத் தொழிற்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்தார்.

தகடு வாங்குவதில் சிரமம் இல்லை, வெட்டுவதில்தான் வினை. பெட்டி செய்ய வரும் ஆசாரி, பலகை அறுக்கும் மேஜை ரம்பத்திலேயே தகட்டையும் தள்ளிவிடுகிறார். எங்கள் கிடங்கில் சென்ற வருடம் அப்படித்தான் நடந்தது. மெல்லிய தகடு ஓரக்கட்டைக்கு அடியில் நழுவி, ரம்பப் பல்லில் சிக்கி, எகிறித் திரும்பி வந்தது. உதவிக்கு நின்ற எங்கள் கடை ஆளுக்கு முன்கையில் ஏழு தையல். ஆசாரியைக் குறை சொல்வதற்கில்லை. சாயங்காலத்திற்குள் முடியுங்கள் என்று அவசரப்படுத்தியவன் நான்.

பிறகு விவரம் தெரிந்தவர்களை விசாரித்தேன். மர ரம்பத்தில் அலுமினியம் வெட்டலாம், ஆனால் பிளேடை மாற்ற வேண்டும். பத்து அங்குலப் பிளேடானால் கார்பைடு முனையுள்ள 80 பல் வேண்டும். பற்கள் முன்னே சாயாமல் சற்றுப் பின்சாய்ந்திருக்க வேண்டும். மரத்தை நீளவாக்கில் அறுக்கும் 24 பல் பிளேடு, தகட்டைக் கவ்வி இழுத்துவிடும். மெல்லிய தகட்டை இரண்டு பிளைவுட் துண்டுகளுக்கு நடுவே வைத்துத் திருகி, மூன்றையும் சேர்த்து அறுத்தால் படபடக்காது. பிளேடில் மெழுகு தடவினால் உலோகம் பல்லில் அப்பாது. கண்ணுக்குப் பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி அவசியம். கையுறை கூடவே கூடாது. துணி சிக்கினால் கையையும் இழுத்துவிடும். ரம்பத்தின் அடியில் குவிந்த மரத்தூளை முதலிலேயே அள்ளிவிட வேண்டும். சூடான சீவல் அதில் விழுந்தால் புகைந்து தீப்பிடிக்கும். அரிசி மூட்டை இருக்கும் அறையில் இந்த வேலையே கூடாது. ஒரு சீவல் அரிசியில் கலந்து வாடிக்கையாளர் வாயில் அகப்பட்டால் கடைப் பெயர் என்னாவது?

உள்ளபடி சொன்னால், நமக்கு வேண்டிய 20, 22 கேஜ் தகட்டுக்கு ரம்பமே தேவையில்லை. 20 கேஜ் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தகடு வெட்டும் கத்தரி இயந்திரம் உள்ள பட்டறையில் அளவுச் சீட்டைக் கொடுத்தால் நேராக வெட்டிக் கொடுப்பார்கள். மீதிப் பெட்டிகளுக்கு நாங்கள் அப்படித்தான் வாங்கினோம். விளிம்பை ஆசாரி அரம் போட்டு மழுக்கி, கால் அங்குலம் உள்ளே மடித்து அடித்துக் கொடுத்தார்.